நோய் புகுந்த வீட்டுப் பிள்ளைகள்

எழுதுகிறவனைப் பாராட்டுகிறவர்கள் அவனுக்கு அதிகமாக ஒன்றும் கற்றுத் தருவதில்லை. கேள்வி கேட்கிறவர்கள்தாம் கற்றுத் தருகிறார்கள். அப்படி ஒரு கேள்வி சென்ற ஆண்டு வாலாஜாபாத்தில் என்னிடம் கேட்கப்பட்டது. அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போன முயற்சிதான்.

வாலாஜாபாத் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் இருக்கும் ஊர். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கியது. ஒரு காலத்தில் ஆங்கிலேயருடைய பட்டாளம் அங்கே கூடாரம் அடித்திருந்தது. இன்று பட்டாளத்துக்குப் பதிலாக, ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்கள் அந்தச் சாலையில் அணிவகுத்துப் போகின்றன. காலை ஷிப்டு, பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று வீட்டுக்கு வீடு கடிகாரம் வேறு வேறாக ஓடுகிற ஊர் அது. அங்கே நடந்த ஒரு வாசகர் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். கையில் என் நாவல் ஒன்று இருந்தது. நூலகப் பிரதி. அந்த நாவலில் தாய் நோயாகப் படுத்துவிடுகிறாள். 16 வயது மகள் சமைக்கிறாள், தம்பியைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், இரவெல்லாம் விழித்திருந்து தாய்க்கு மருந்து கொடுக்கிறாள். அந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை உண்டு. தாய்மார்கள் பலர் அழுதுகொண்டே படித்ததாகக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

“சார், இந்தப் பொண்ணுக்கு ஒரு நாள்கூடக் கோபமே வராதா?” என்று அவள் கேட்டாள்.

“வந்திருக்கலாம். ஆனால் அவள் நல்ல பெண் அல்லவா?” என்றேன் நான்.

“அப்படின்னா நான் நல்ல பொண்ணு இல்லை சார்” என்றாள் அவள்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவள் தாய்க்கு ஓராண்டுக்கு மேலாகக் காரைப்பேட்டையில் வைத்தியம் நடக்கிறது. புற்றுநோயால் 1969-இல் மறைந்த அண்ணாவின் பெயரைத் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. தகப்பனார் ஒரகடத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறார். அடிக்கடி லீவு போட முடியாது. ஆகவே மருந்து ஏற்றுகிற நாட்களில் தாயைக் காஞ்சிபுரம் பஸ்ஸில் அழைத்துப் போய்வருவது இவள் பொறுப்பு. மறுநாள் வாந்தியைத் துடைப்பதும், தம்பிக்கு டிபன் கட்டுவதும், வகுப்பில் தூங்காமல் உட்கார்ந்திருப்பதும் இவள் பொறுப்பு. பள்ளியில் யாருக்கும் இது தெரியாது. சொல்லவில்லையாம். சொன்னால் எல்லோரும் பாவம் என்று பார்ப்பார்கள் என்றாள்.

“ஒரு நாள் ராத்திரி, இதெல்லாம் எப்பத்தான் முடியுமோன்னு நெனச்சேன் சார். முடியறதுன்னா என்ன அர்த்தம்னு அப்புறம்தான் தோணுச்சு. அதுக்கப்புறம் அம்மா முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு. இதை நீங்க எழுதுங்க சார். பேர் மட்டும் போடாதீங்க.”

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். எந்தப் பெரியவரும் சொல்லக்கூடிய ஆறுதல்தான். ஊருக்குத் திரும்பியதும் என் நாவலை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பல பக்கங்கள் எனக்கே பிடிக்கவில்லை. பிறகு, இந்த விஷயத்தை என்னைவிட உண்மையாக எழுதியவர்கள் யார் என்று தேடத் தொடங்கினேன். மூன்று பேரைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலாமவர் கதாசிரியர் அல்லர். காந்தியடிகள். ‘சத்திய சோதனை’யை நாம் அரசியலுக்காகவும் அறத்துக்காகவும் படிக்கிறோம். அதில் தகப்பனாரின் மரணத்தைப் பற்றிய அத்தியாயத்தை, நோய் புகுந்த வீட்டில் வளர்ந்த ஒரு பையனின் கதையாகப் படித்துப் பாருங்கள்.

1885-ஆம் ஆண்டு. இடம் ராஜ்கோட். மோகன்தாசுக்கு 16 வயது. ஏற்கெனவே மணமானவர், மனைவி கர்ப்பிணி. தகப்பனார் கரம்சந்த் பவுத்திர நோயால் படுத்திருக்கிறார். தாயும், ஒரு பழைய வேலைக்காரரும், இந்தப் பையனும்தான் முக்கியமாகப் பணிவிடை செய்கிறவர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, வீட்டில் தயாரிக்க வேண்டிய மருந்துகளைத் தயாரிப்பது எல்லாம் பையனுடைய வேலை. ஒவ்வோர் இரவும் தகப்பனாரின் கால்களைப் பிடித்துவிடுவார். அவர் போகச் சொன்ன பிறகோ, தூங்கிய பிறகோதான் எழுந்து போவார். மாலையில் உலாவப் போவதுகூடத் தகப்பனார் அனுமதித்தால்தான், அல்லது அவருக்கு உடம்பு சற்றுத் தேவலை என்றிருந்தால்தான். மீதி நேரம் பள்ளிக்கூடம்.

ஓர் இரவு பத்தரை, பதினோரு மணி இருக்கும். வந்திருந்த சித்தப்பா, ‘நீ போய்ப் படுத்துக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பையனை விடுவிக்கிறார். பையனுக்குச் சந்தோஷம். நேரே மனைவி இருந்த அறைக்குப் போகிறான். ஐந்தாறு நிமிஷத்துக்குள் கதவு தட்டப்படுகிறது. தகப்பனார் போய்விட்டார்.

அந்த ஐந்தாறு நிமிஷத்தைக் காந்தியடிகள் தம்மால் என்றும் மறக்க முடியாத அவமானம் என்று எழுதினார். சுயசரிதையை அவர் 1925-இல் தம் பத்திரிகையில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 56. சம்பவம் நடந்து 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. தேசம் முழுவதும் அவரை மகாத்மா என்று அழைத்துக்கொண்டிருந்தது. அப்படியும் அந்தக் கதவு தட்டும் ஓசை அவர் காதைவிட்டுப் போகவில்லை.

அந்த அத்தியாயத்தின் நேர்மைக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஆனாலும் விமரிசகன் என்ற முறையில் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதை எழுதிய 56 வயதுப் பெரியவர், அதில் வரும் 16 வயதுப் பையனிடம் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. இரவுக்கு இரவு கால் பிடித்த கணக்கு ஒரு பக்கம் இருக்கிறது. ஐந்தாறு நிமிஷத்துக் கணக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்த ஐந்தாறு நிமிஷமே மற்ற எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அவர் அதைக் காமத்தின் குற்றமாகவே காண்கிறார். எனக்கோ அதில் ஒரு களைத்துப்போன பையன் தெரிகிறான். சித்தப்பா ‘போ’ என்றதும் அவனுக்கு உண்டான சந்தோஷத்தில் காமம் இருந்திருக்கலாம். நோயாளியின் அறையிலிருந்து வெளியே வருகிற எந்தப் பிள்ளைக்கும் உண்டாகிற மூச்சும் இருந்திருக்கும் அல்லவா?

நோயாளி வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் கணக்கு எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். செய்த பணிவிடை வரவில் ஏறாது. தப்பி ஓடிய நிமிஷம் மட்டும் செலவில் பெரிய எழுத்தில் நிற்கும். வாலாஜாபாத்துப் பெண் அதைத்தான் என்னிடம் காட்டினாள். ஓராண்டு பஸ் பயணத்தை அவள் ஒரு பொருட்டாகச் சொல்லவில்லை. ஓர் இரவில் நினைத்த ஒரு நினைப்பைத்தான் சொன்னாள்.

இரண்டாமவர் வங்காளத்து விபூதிபூஷண் பந்தோபாத்தியாய. ‘பதேர் பாஞ்சாலி’யின் தொடர்ச்சியாக அவர் எழுதிய நாவல் ‘அபராஜிதோ’. அபு கல்கத்தாவில் கல்லூரியில் படிக்கிறான். தாய் சர்வஜயா கிராமத்தில் தனியாக இருக்கிறாள். அவள் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்ததும் அபுவுக்கு முதலில் ஏற்படுவது துக்கம் அன்று. ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்தாற்போன்ற விடுதலை உணர்ச்சி. பிறகுதான் அவனுக்கு அது உறைக்கிறது, துக்கமும் வருகிறது. விபூதிபூஷண் இதற்காக அவனைக் கண்டிக்கவில்லை. மனித மனத்தில் இப்படியும் நடக்கிறது என்று எழுதிவிட்டு மேலே போகிறார். தாயிடம் அவனுக்கு அன்பு இல்லை என்று அந்த நாவலைப் படித்த எவரும் சொல்ல மாட்டார்கள்.

சத்யஜித் ராயை ஈர்த்த இடமும் இதுதான். 1956-இல் அவர் இதைப் படமாக எடுத்தார். அதில் ஒரு காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். விடுமுறைக்கு வந்த மகனிடம் இரவில் தாய் பேசிக்கொண்டிருக்கிறாள். தனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் நீ சம்பாதித்து வைத்தியம் பார்ப்பாயா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் பையன் தூங்கிப்போயிருக்கிறான். பிறகு அவள் தன் நோயை அவனுக்கு எழுதுவதேயில்லை. தூரத்தில் போகும் ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். படிப்பு கெட்டுவிடும் என்று அவள் மறைக்கிறாள். அவனோ கல்கத்தாவின் மயக்கத்தில் கேட்காமல் இருந்துவிடுகிறான். இருவர் பேரிலும் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் அந்தக் காட்சியின் வேதனை.

அந்தப் படம் 1957-இல் வெனிஸ் நகரத்து விழாவில் தங்கச் சிங்கம் என்ற முதற் பரிசைப் பெற்றது. வங்காளத்து ரசிகர்கள் மட்டும் முகம் சுளித்தார்கள். தாயும் பிள்ளையும் இப்படியா இருப்பார்கள் என்று அவர்களுக்கு அதிர்ச்சி. வங்காளிகளைக் குறை சொல்வானேன்? நாமும் அப்படித்தான். நம் பத்திரிகைக் கதைகளில் தாய் கட்டிலில் கிடக்கும்போது எந்தப் பிள்ளையாவது தூங்கியிருக்கிறானா?

மூன்றாவது புத்தகம் பாட்ரிக் நெஸ் ஆங்கிலத்தில் எழுதி 2011-இல் வெளிவந்த ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’. ‘பூதம் அழைக்கிறது’ என்று தமிழில் சொல்லலாம். இதன் மூலக் கருத்து ஷிவான் டவுட் என்ற எழுத்தாளருடையது. அவர் மார்பகப் புற்றுநோயால் 2007-இல் இறந்துபோனார். எழுதி முடிக்க அவருக்கு ஆயுள் இல்லை. அந்தக் கருவை நெஸ் வாங்கி வளர்த்தார்.

கானர் என்ற 13 வயதுப் பையனின் தாய்க்குப் புற்றுநோய். காலையில் தன் ஆகாரத்தைத் தானே எடுத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறான். நள்ளிரவு கடந்து ஏழாவது நிமிஷத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரம் பூதமாக எழுந்து வந்து அவனிடம் பேசுகிறது. மூன்று கதைகள் சொல்வேன், நான்காவது கதையை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த நான்காவது கதைதான் பையன் யாரிடமும் சொல்லாத கனவு. பாதாளத்தில் விழப்போகும் தாயின் கையை அவன் பிடித்திருக்கிறான், பிறகு விட்டுவிடுகிறான். கை நழுவவில்லை, அவனாகவே விட்டான். இந்த வேதனை முடிந்தால் போதும் என்று விட்டான்.

வாலாஜாபாத்துப் பெண் சொன்னதும் இதையேதான். அவளுக்குக் கானரைத் தெரியாது. ஆங்கில தேசத்துப் பையனும் பாலாற்றங்கரைப் பெண்ணும் ஒரே வாக்கியத்தைத் தங்கள் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

பூதம் அவனைத் தின்றுவிடவில்லை. மனிதன் ஒரே சமயத்தில் ஒன்றுக்கொன்று மாறான இரண்டை விரும்பக்கூடியவன், அவன் நினைப்பதைவிடச் செய்வதே முக்கியம் என்று அவனுக்கு எடுத்துச் சொல்கிறது. அதன் பிறகுதான் பையனால் தாயின் அருகே போய் அவள் கையை இறுகப் பிடித்துக்கொள்ள முடிகிறது. உண்மையைச் சொன்னதால் அவன் அன்பு குறையவில்லை. அதுவரை உண்மைதான் அவனை அவளிடமிருந்து விலக்கி வைத்திருந்தது.

இந்த நாவலில் இன்னொரு நுட்பம் என் மனத்தைத் தொட்டது. பையன் முரட்டுத்தனம் செய்கிறான், பாட்டி வீட்டுச் சாமான்களை உடைக்கிறான், பள்ளியில் ஒருவனை அடித்து நொறுக்குகிறான். யாரும் அவனைத் தண்டிப்பதில்லை. எல்லோரும் இரக்கத்தோடு தணிந்த குரலில் பேசுகிறார்கள். அவனுக்கு அதுதான் தாங்க முடியவில்லை. தண்டனைக்காக அவன் ஏங்குகிறான். பள்ளியில் சொல்லவில்லை என்று அந்தப் பெண் சொன்னதன் பொருள் இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. வகுப்பில் மற்றவர்களைப் போலத் திட்டு வாங்குகிற அந்த ஏழெட்டு மணி நேரம்தான் அவளுக்கு ஓய்வு.

சரி, தமிழில் என்ன இருக்கிறது? புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ இருக்கிறது. நோய் புகுந்த வீட்டைப் பற்றி நம் மொழியில் அதற்கு ஈடான கதை இன்னொன்று உண்டா என்பது எனக்குச் சந்தேகம். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை நோயாளி மனைவிக்குச் செய்யும் பணிவிடையில் அன்பும் அலுப்பும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் இருப்பவர்கள் கணவனும் மனைவியுமாக இரண்டே பேர். ஸ்ரீதர் 1962-இல் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ முழுக்க முழுக்க மருத்துவமனையில் நடக்கிற படம். அங்கேயும் நோயாளியைச் சுற்றி நிற்பவர்கள் மனைவியும் டாக்டரும். கணவன் பார்க்கிறான், மனைவி பார்க்கிறாள், டாக்டர் பார்க்கிறார். கதவோரத்தில் நின்று பார்க்கிற பிள்ளையின் கண் நமக்கு இன்னும் அதிகமாகக் கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களில் பெரும்பாலும் என் நாவலில் வருகிறாளே, அப்படிப்பட்ட ஒரு தெய்வப் பிறவிதான் நிற்கிறது.

இதற்குக் காரணம் என்னவென்று யோசித்தேன். எங்களுக்குத் தாய் தந்தையரைப் பழிக்கப் பயம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கதையின் கட்டுக்கோப்பைச் சேர்ந்தது. நம் கதைகளில் நோய் ஒரு கட்டமாக வருகிறது. இருமல் வரும், ரத்தம் வரும், கடைசி வார்த்தை வரும், விளக்கு அணையும். அந்தக் காலத்தில் க்ஷயரோகம் என்றால் ஆளையே வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்துக்குப் போய் மாதக்கணக்கில் இருக்க வேண்டும். கதாசிரியனுக்கும் அது வசதி. நோயாளி கதையைவிட்டுப் போய்விடுவார், பிறகு கடிதமோ தந்தியோ வரும்.

காலம் மாறிவிட்டது. மாற்றியதில் சென்னைக்கே பெரும் பங்கு உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் குணமாவதைப் போலவே குணமாகிறது, அதனால் வீட்டில் உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஆபத்தும் இல்லை என்று சில ஆண்டுகளுக்குள்ளேயே உலகத்துக்குக் காட்டியது. நோயாளிகள் வீட்டிலேயே தங்கினார்கள். இன்று புற்றுநோய்க்காரர் மருந்து ஏற்றிக்கொண்டு மாலை பஸ்ஸில் வீடு திரும்புகிறார். சிறுநீரகம் கெட்டவர் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிஸிஸ் செய்துகொண்டு வந்து வீட்டில் படுக்கிறார். ஆயுள் நீள்கிறது, அது பெரிய பாக்கியம். ஆனால் நோயும் அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது. பிள்ளைகள் அதனோடு சேர்ந்து வளர்கிறார்கள். ஒரு நாள் கண்ணீரை எழுதிப் பழகிய பேனாவுக்கு, ஓராண்டுச் செவ்வாய்க்கிழமைகளை எழுதத் தெரியவில்லை. ஓர் இரவு முழுதும் தெய்வமாக இருப்பது ஒரு பெண்ணால் முடியும். ஓராண்டு முழுதும் யாராலும் முடியாது. எங்கள் கதைகள் அந்த ஓர் இரவோடு முடிந்துவிடுவதால் பொய் வெளிப்படாமல் தப்பித்துக்கொள்கிறது.

“லட்சியப் பாத்திரம் வேண்டாமா? நல்லதைக் காட்டுவதுதானே இலக்கியம்?” என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். நானும் நெடுநாள் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். இன்று எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. நோயில்லாத வீட்டில் இருந்துகொண்டு என் நாவலைப் படிக்கிறவருக்கு அந்தப் பெண் ஒரு லட்சியம். நோய் உள்ள வீட்டில் அடுப்படி வெளிச்சத்தில் அதைப் படிக்கிற பெண்ணுக்கு அவள் ஒரு சாட்சி. ‘பார், நல்ல பிள்ளை இப்படி இருப்பாள், நீ அப்படி இல்லை’ என்று சொல்லுகிற சாட்சி. ஏற்கெனவே தன்மேல் தானே வழக்குத் தொடுத்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு எதிராக நான் போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறேன். இதைவிட ஓர் எழுத்தாளனுக்கு வேறு என்ன குற்றம் வேண்டும்?

கோபப்படுகிற பிள்ளையைக் காட்டினால் அன்பு மலிந்துபோகும் என்பது வீண் பயம். அபுவின் தூக்கத்தையும் கானரின் கனவையும் பார்த்த பிறகு எனக்கு அவர்களிடம் மதிப்புக் கூடிற்றே தவிரக் குறையவில்லை. அலுப்பே இல்லாதவள் தாய்க்குக் கஞ்சி கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது? அலுத்துப்போனவள், ‘எப்போது முடியும்’ என்று நினைத்துவிட்டவள், மறுநாள் விடியற்காலையில் எழுந்து அதே கஞ்சியைக் காய்ச்சுகிறாளே, கதை அங்கேதான் இருக்கிறது. நான் அந்த இடத்தைத் தாண்டிக்கொண்டு போய்விட்டேன்.

அச்சான நாவலைத் திருத்த முடியாது. அதில் வரும் பெண் என்றைக்கும் கோபம் வராதவளாகவே இருப்பாள். ஆனால் வாலாஜாபாத்தில் என்னிடம் பேசிய பெண்ணுக்கு இரண்டு வார்த்தை சொல்லலாம். அன்று ஆறுதல் என்ற பெயரில் நான் சொன்னதை அவள் மறந்துவிடட்டும்.

அம்மா, நீ நினைத்தது பாவம் அன்று. களைப்பு. உன் தாய் சாக வேண்டும் என்று நீ விரும்பவில்லை. கஷ்டம் தீர வேண்டும் என்று விரும்பினாய். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன, அவ்வளவுதான். அதைத் தகப்பனாரிடமோ, உனக்குப் பிடித்த ஓர் ஆசிரியையிடமோ ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார். என்னிடம் சொன்னாயே, அதைப் போல. அப்புறம் உன் அம்மாவின் முகத்தைப் பார். பார்க்க முடியும் என்றுதான் நினைக்கிறேன். பெயர் போடவில்லை, சொன்னபடி.